பத்துப் புத்தகம், ஒரே சாட்சி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரியதரிசி என்னை அறிமுகப்படுத்தும்போது 'சரித்திர ஆசிரியர்' என்று சொல்லிவிட்டார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் மத்திய சர்க்காரில் கணக்கு எழுதிவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவன். உத்தியோக நிமித்தமாக அந்தமானில், போர்ட் பிளேரில், ஆறு வருஷம் குடும்பத்தோடு இருந்தேன். 2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிமலை முருகன் கோயிலில் ஒரு கிருத்திகையன்று பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "மாமா, வ.உ.சி. இருந்த ரூம் ஜெயில்ல எந்தப் பக்கம்?" வ.உ.சி. அந்தமானுக்கு வரவே இல்லை. 1908-ல் அவருக்கு விதித்தது நாடுகடத்தல் தண்டனைதான். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூரில். அந்தமான் சிறையிலும் கைதிகளைச் செக்கில் பூட்டினார்கள் என்பதால் ஜனங்கள் மனதில் இரண்டு செக்கும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. தமிழில் இந்தத் தீவுகளைப் பற்றி ஒழுங்காக ஒரு சின்னப் புத்தகம் இருந்தால் தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது. தோன்றினது தோன்றினபடியே முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. ரிடையரான பிறகு, பேரன் பேத்திகளும் பெரியவர்களான பிறகுதான் கை வைத்தேன்.

புதிதாக ஆராய்ச்சி பண்ண எனக்கு யோக்யதை கிடையாது. டில்லி ஆவணக் காப்பகத்தில் மாசக்கணக்கில் உட்கார உடம்பும் இடம் கொடுக்காது. பெரியவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்ததைப் படித்து, கோத்து, தமிழில் நூற்றைம்பது பக்கம் எழுதுவது. சங்கம் அதை அச்சிட்டு அங்கத்தினர்களுக்குக் கொடுப்பது. ஏற்பாடு அவ்வளவுதான். பிறர் சமைத்ததைப் பரிமாறுகிற வேலைதானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை மிகவும் ரசித்து எழுதினேன். அதை அப்படியே படிக்கிறேன், கேளுங்கள்: "1050-ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டில் நம் முன்னோர் அந்தமானைத் தீமைத்தீவு என்றும், நரமாமிசம் உண்போர் வாழும் இடம் என்றும் குறித்தனர்." எங்கிருந்து எடுத்தேன்? ஒரு இடத்திலிருந்து அல்ல. வெள்ளைக்காரர் காலத்து கெஸட்டியரிலும் கலைக்களஞ்சியத்திலும் ஆரம்பித்து, சுற்றுலாக் கையேடு வரைக்கும் இந்தச் செய்தி கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கிறது. ஏழெட்டுப் புத்தகம் ஒரே குரலில் சொன்னால் யாருக்கு சந்தேகம் வரும்?

வந்தது. எனக்கு அல்ல. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் பேத்திக்கு. கையெழுத்துப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "தாத்தா, ராஜேந்திர சோழன் 1044-லயே காலமாயிட்டார்னு நீயே அடுத்த பக்கத்துல எழுதியிருக்கே. 1050-ல யார் கல்வெட்டு வெட்டினா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது புத்தகம் அச்சகத்தில் கோத்தாகிவிட்டது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னேன். நம் கமிட்டியில் சிலருக்கு என் பேரில் வருத்தம் உண்டானது அன்றைக்குத்தான். ஆண்டு விழாவில் வெளியிடுவதாகப் பத்திரிகையிலேயே போட்டிருந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தப்பென்று தெரிந்த பிறகு எப்படி அச்சேற்றுவது?

மூலத்துக்குப் போனேன். மூலம் என்றால் கல். தஞ்சைப் பெரிய கோயிலில் போய் நின்றேன்; எனக்கு எழுத்து ஓடவில்லை. கை கொடுத்தது, ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி. ராஜேந்திரனுடைய மெய்க்கீர்த்தி அதில் முழுசாக இருக்கிறது. கல்வெட்டு அவனுடைய 19-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. கணக்குப் பார்த்தால் 1030-31. எனவே 1050 என்பது முதலில் யாரோ ஒருவர் குத்துமதிப்பாகப் போட்ட வருஷமாகத்தான் இருக்கவேண்டும். பின்னால் வந்தவர்கள் அதையே நிஜமான வருஷமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இருபது வருஷ வித்தியாசம்தானே, போகட்டும் என்று சொல்லலாம். ஆனால் விஷயம் வருஷத்தோடு நிற்கவில்லை. கடல் கடந்து ஜயித்த இடங்களை அந்த மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். பதின்மூன்று பெயர். விரல் வைத்து மூன்று தரம் எண்ணினேன். மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள். 'தீமைத்தீவு' அதில் இல்லை. நரமாமிசமும் இல்லை.

நான் என்ன எழுதியிருக்கிறேன் பாருங்கள்! இல்லாத வருஷத்தில், அந்தப் பட்டியலிலேயே இல்லாத பெயரை, நம் முன்னோர் வாயில் போட்டு, இன்னொரு ஜனத்தை மனுஷனைத் தின்கிறவன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் முதல் வாக்கியத்தில்.

நரமாமிசக் கதை ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வியாபாரிகளின் யாத்திரைக் குறிப்பிலேயே இருக்கிறது. மார்க்கோ போலோ அந்தமான்காரர்களுக்கு நாய் முகம் என்றே எழுதிவிட்டார். அவர் அங்கே இறங்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை; கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கவேண்டும். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர். கடைசியில் இ.ஹெச். மேன் என்ற ஆங்கில அதிகாரி வந்தார். அந்த ஜனங்களோடு வருஷக்கணக்கில் பழகி, பாஷை கற்றுக்கொண்டு, 1880-களில் இந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார். ஆயிரம் வருஷம் ஒருவரும் போய்ப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்த விஷயம். நான் அதை 21-ஆம் நூற்றாண்டில் தமிழில் புதுப்பிக்க இருந்தேன். 1858-ல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஐம்பது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வந்து என்னை மறுத்துப் பேசப்போவதில்லை.

உ.வே.சாமிநாதையர் பரம்பரையைக் கொண்டாடுகிற நமக்கு இது புது விஷயம் இல்லை. ஐயரவர்கள் ஊர் ஊராகப் போய் ஏட்டுப் பிரதி சேகரித்தார். பத்து ஏடு கிடைத்தாலும் அந்தப் பத்தும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதினவை என்றால் பாடம் ஒன்றுதான், சாட்சியும் ஒன்றுதான். பதிப்பு வேலையில் இது பாலபாடம். அச்சுப் புத்தகம் என்றதும் இதை மறந்துவிடுகிறோம். கெட்டி அட்டை போட்டு, இங்கிலீஷில் இருந்தால், ஒவ்வொன்றும் தனித் தனி சாட்சி என்று நம்பிவிடுகிறோம்.

அதே மெய்க்கீர்த்தியில் நல்ல உதாரணமும் இருக்கிறது. முதலில் பதிப்பித்த ஹூல்ஷ், கடாரத்தை நம் ராமநாதபுரம் ஜமீன் பக்கத்தில் தேடினார்! பிறகு நம்மவர் வெங்கையா, நக்கவாரம் என்பது நிக்கோபாரின் தமிழ்ப் பெயர் என்று எடுத்துக்காட்டினார். கடலுக்கு அப்பால் பார்க்கவேண்டும் என்று அதிலிருந்து வழி பிறந்தது. 1918-ல் ஜார்ஜ் ஸேடெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவில் இருந்த ராஜ்யம் என்று ஸ்தாபித்தார். நீலகண்ட சாஸ்திரியார் 1935-ல் 'சோழர்கள்' நூலின் முதல் பாகத்தை வெளியிட்டபோது இத்தனை பேர் உழைப்பும் அவருக்கு முன்னால் இருந்தது. அவரும் பிறர் ஆராய்ச்சியைத்தான் எடுத்தாண்டார். ஆனால் யார் எதைச் சொன்னார், எங்கே தப்பினார் என்று ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து வைத்தார். நான் செங்கல்லை எண்ணாமலே சுவர் எழுப்பினேன்.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லியாகவேண்டும். புத்தகத்தின் அட்டையில் 'சோழர் கடற்படைத் தளம்' என்று கொட்டை எழுத்தில் போடவேண்டும் என்பது கமிட்டியில் ஒரு நண்பரின் ஆசை. ஊர்ப் பெயரை மாற்றிய அறிவிப்பின்போதும் அப்படித்தான் சொல்லப்பட்டது. சோழன் பெருமை எனக்கும் பெருமைதான். நானும் காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். ஆனால் மெய்க்கீர்த்தி சொல்வது, மாநக்கவாரத்தை ஜயித்தான் என்று. தளம் அமைத்தான் என்றோ, கோட்டை கட்டினான் என்றோ, அந்தமானில் கப்பல் நிறுத்தினான் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. போகிற வழியில் தண்ணீர் பிடிக்க நிறுத்தியிருக்கலாம். 'இருக்கலாம்' என்று எழுத நான் தயார். நண்பர், "ஓய், 'லாம்' போட்டு அட்டை அடிச்சா எவன் வாங்குவான்?" என்கிறார். அந்தமான் என்ற பெயர் ஹனுமானிலிருந்து வந்தது என்ற விஷயத்திலும் இதே பஞ்சாயத்து. மலாய்க்காரர் 'ஹண்டுமான்' என்றார்கள், அது ஹனுமான்தான் என்று ஓர் அபிப்பிராயம் உண்டு. 'அபிப்பிராயம் உண்டு' என்றே எழுதியிருக்கிறேன். எங்காத்து மாமிக்கு அது போதவில்லை.

அடுத்து போர்ட்மன். அந்தமான் பற்றி யார் எழுதினாலும் கடைசியில் இவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கவேண்டும். எம்.வி.போர்ட்மன் 1879-லிருந்து ஆதிவாசிகளின் பொறுப்பதிகாரி. 1899-ல் இரண்டு பெரிய தொகுதி வெளியிட்டார். 'அந்தமானியரோடு நமது உறவுகளின் சரித்திரம்' என்பது தலைப்பு. பழைய சரித்திரங்கள், யாத்திரை நூல்கள், சர்க்கார் தஸ்தாவேஜுகள் இவற்றிலிருந்து தொகுத்தது என்று முகப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஆக, அவரும் என்னைப் போல் தொகுத்தவர்தான். 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் குடியேற்றம் வைத்தது, 1796-ல் அதைக் கைவிட்டது, 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கியது, எல்லாவற்றுக்கும் கடிதம் கடிதமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் நமக்குப் பாதி விஷயம் தெரியாது.

ஆனால் தலைப்பில் இருக்கிற 'நமது' யாருடையது? 1859 மே மாதம் அபர்தீனில் நடந்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதிவாசிகள் திரண்டு வந்து குடியேற்றத்தைத் தாக்கினார்கள். தூத்நாத் திவாரி என்ற கைதி ஒரு வருஷத்துக்கு முன் தப்பியோடி, அவர்களோடு காட்டில் வாழ்ந்து, அவர்கள் பெண்களையே கல்யாணமும் செய்துகொண்டிருந்தவன். அவன் ஓடிவந்து முன்னதாகத் துப்புக் கொடுத்துவிட்டான். துப்பாக்கிக்கு முன்னால் வில் அம்பு நிற்கவில்லை. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. இதற்கு நம் கையில் இருக்கிற ஆதாரம் என்ன? மன்னிப்பு வேண்டி நின்ற ஒரு கைதியின் வாக்குமூலம். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டிய அதிகாரிகளின் கடிதம். அவற்றை நாற்பது வருஷம் கழித்துத் தொகுத்த இன்னொரு அதிகாரி. அம்பு எய்தவர்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் எழுதின காகிதம் கிடையாது. அந்தச் சண்டைக்கு இப்போது நினைவுச் சின்னம் இருக்கிறது. வருஷாவருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள். என் அத்தியாயத்தில் இந்த ஆதார நிலைமையை இரண்டு பாராவில் எழுதிவிட்டுத்தான் சண்டைக்கே போனேன்.

போர்ட்மன் பேரில் எனக்கு ஒரு மரியாதையும் உண்டு. 1880-ல் வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு கிழத் தம்பதியையும் நாலு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் இருவரும் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். செய்தது போர்ட்மனின் கோஷ்டி. எழுதி வைத்ததும் அவரே. தனக்கு அவமானமான விஷயத்தையும் ஒருவர் எழுதியிருந்தால், அந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம் என்று எனக்குப் படுகிறது.

செல்லுலர் ஜெயில் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கிவிடுகிறேன். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். எத்தனை கொட்டடி? ஒரு நூலில் 693, இன்னொன்றில் 698. கணக்குக்காரன் என்பதால் இது என்னை உறுத்தியது. போய் எண்ணிவிடலாம் என்றால் ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம். இடித்த பக்கத்தில் ஆஸ்பத்திரி நிற்கிறது. இரண்டு எண்ணையும் கொடுத்துவிட்டு மேலே போனேன். இந்தச் சிறைக் குடியேற்றம் பற்றி ஆர்.சி.மஜும்தார் 1975-ல் எழுதிய புத்தகம் எனக்குப் பெரிய துணை. சுதந்திரப் போராட்ட சரித்திரம் எழுதுகிற சர்க்கார் திட்டத்தில் கருத்து வேற்றுமை வந்து வெளியேறி, தானே மூன்று தொகுதி எழுதி முடித்த மனுஷர் அவர். அவரிடம் பிடிவாதம் இருக்கும், சோம்பல் இருக்காது.

கடைசியாக ஜப்பான்காரர் காலம். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை. போகும்போது ஆக்கிரமிப்புக் காலத்துக் காகிதங்களை எரித்துவிட்டார்கள் என்றே நூல்கள் சொல்கின்றன. ஆகவே இங்கே தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னதுதான் முக்கிய ஆதாரம். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் அப்போது பத்து வயசுப் பையன். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, அரிசி இல்லாமல் கிழங்கு தின்ற கதையெல்லாம் சொல்லுவார். நேதாஜி வந்தபோது தூரத்திலிருந்து பார்த்ததைக் கண் விரியச் சொல்லுவார். "ஹம்ப்ரிகஞ்ச் சமாசாரம் தெரியுமா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் நான் கேட்கவில்லை.

நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியது 1943 டிசம்பர் 30. ஹம்ப்ரிகஞ்சில் ஜப்பானியர் நாற்பத்துநாலு பேரை ஒற்றர்கள் என்று சந்தேகித்துச் சுட்டுக் கொன்றது 1944 ஜனவரி 30. சரியாக ஒரு மாசம். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள், அதாவது நேதாஜி பக்கத்து ஆட்களே. அந்த லீக்கில் முக்கியஸ்தராக இருந்த டாக்டர் திவான் சிங், நேதாஜி வந்துபோன நாட்களில் செல்லுலர் ஜெயிலில்தான் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். ஜனவரி 14-ல் உயிர் போயிற்று. நான் பார்த்த சில நூல்களில் கொடியேற்றத்துக்கு ஒரு அத்தியாயம், இதற்கு ஒரு வரி. வேறு சிலவற்றில் இது பெரிசாக இருக்கிறது, கொடி இல்லை. இரண்டும் நடந்தவை. நேதாஜிக்கு உள்ளே நடந்தது எவ்வளவு தெரியும் என்பதைப் பற்றி நான் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டு தேதியையும் ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறேன். பக்கம் திருப்பாமல் படிக்கும்படி இருக்கவேண்டும் என்று அச்சகத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முன்பணத்தில் பாதி போய்விட்டது. அதை நான் கொடுத்துவிடுகிறேன் என்று பொருளாளரிடம் சொல்லிவிட்டேன். முதல் வாக்கியம் இப்போது மாநக்கவாரத்தில் ஆரம்பிக்கிறது, வருஷம் 1030-31, பேத்தி பார்த்துச் சரி சொல்லியிருக்கிறாள். எங்காத்து மாமி, "இதுக்கா இத்தனை நாள் கண்ணைக் கெடுத்துண்டேள்?" என்று கேட்டாள். அட்டை இன்னும் முடிவாகவில்லை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் குடும்பங்களில் யாராவது அந்தக் காலத்தில் அந்தமானில் குமாஸ்தாவாகவோ, தபாலிலோ, வன இலாகாவிலோ, பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்திருக்கலாம். அவர்கள் ஊருக்கு எழுதின கடிதம், போட்டோ, டைரி எதுவானாலும் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். என்னிடம் காட்டுங்கள், நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன். போன கூட்டத்தில் ஒரு மாமி, தன் மாமனார் 1950-களில் எழுதின இன்லண்ட் கடிதம் மூன்று கொடுத்தார். ஒன்று முழுக்கப் புளி விலை. அதையும் சேர்த்திருக்கிறேன்.